சிவப்பி இழுக்கிற இழுப்பு

பெங்களூர்
20.11.2023

நீலாவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்று சொன்னாய். கோபத்தில் சொல்கிறாய், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரமாக அடித்து ஓய்ந்துவிட்டேன். அதனால் லாயத்துக்கு எதிர்க்கடையில் ஒரு நோட்டு வாங்கி, தாளைக் கிழித்து எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாவது. பிழை இருந்தால் சிரித்துக்கொள். ஆனால் படி.

தீபாவளிக்கு மறுநாளே கிளம்பி வந்தது தப்புத்தான். ஆனால் ஜீவானந்தம் சார் போன் பண்ணினால் நான் என்ன செய்வது? டிரெய்னர் அவர். எந்தக் குதிரையை எந்தப் பந்தயத்தில் விடுவது என்று முடிவு செய்கிறவர். "சிங்காரம், சிவப்பிய வேற யாருக்கும் குடுக்கறதா இல்ல. நீ வந்தாதான் அவ லாயத்த வுட்டு வெளிய வருவா" என்றார். அப்படிச் சொன்ன பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

சிவப்பி யார் என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாய். மூன்று வயசுப் பெண் குதிரை. காகிதத்தில் அவளுக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர், என் வாயில் நுழையாது. செம்மண் நிறம், அதனால் சிவப்பி. ஆடியில் இங்கே வந்தபோது கழுதைக்குத் தங்கச்சி மாதிரி இருந்தாள். ஓடச் சொன்னால் வேடிக்கை பார்ப்பாள். இப்போது ஏறி உட்கார்ந்தால் முன்னால் இழுக்கிறாள். என்னமாக இழுக்கிறாள் தெரியுமா?

உனக்கு என் வேலை என்ன என்று நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. பந்தயத்தன்று ஏறுகிற ஜாக்கி வேறு ஆள். விடிகிற நேரத்தில் ஏறி ஓட்டிப் பழக்குகிறவன் நான். ஐம்பதைத் தொடப்போகிறேன், இன்னும் இந்த வேலைக்குப் பேர் ரைடிங் பாய். பெரிய பந்தயத்துக்கு முன்னால் இளங்குதிரையை முழு வேகத்தில் ஓட்ட மாட்டார்கள், கால் கெட்டுவிடும். இழுத்துப் பிடித்துத்தான் ஓட்டுவோம். குதிரை எவ்வளவு வேகம் போனது என்று கடிகாரம் சொல்லும். இன்னும் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது என்று கடிகாரம் சொல்லாது, பிடித்தவன் கைதான் சொல்லும். ஒரு குட்டி போன மாசத்துக்கு இந்த மாசம் எவ்வளவு தேறியிருக்கிறது என்று சார் கேட்பது என் கையை. அது இத்தனை வருசத்தில் பொய் சொன்னதில்லை.

இந்த வருசம்தான் கடைசி. சிவப்பியை ஒரு பெரிய பந்தயத்தில் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். முட்டிக்கு எண்ணெய் தேய்.

சிங்காரம்


புதூர்நாடு மலை
2.12.2023

மாமாவுக்கு,

நலம் என்று எழுதித்தான் தொடங்குவார்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை. முட்டி வலிக்கிறது. சாமை இன்னும் களத்தில் கிடக்கிறது. மாடு மடியைத் தொடவிட மாட்டேன் என்கிறது. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கு சிவப்பி இருக்கிறாள்.

போனை ஏன் எடுக்கவில்லை என்றால், போனில் நீங்கள் பேசுகிற பேச்சு எனக்கு மனப்பாடம். "சாப்ட்டியா? மழ பேஞ்சிதா? சரி வெச்சிடறேன்." இதைக் கேட்க நான் பாறை மேட்டுக்கு ஏறி டவர் பிடித்து நிற்க வேண்டும். இந்த ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிற அளவுக்கு நீங்கள் என்னிடம் பேசி எத்தனை வருசம் ஆகிறது? அதனால் போன் வேண்டாம். எழுதுங்கள், நான் எட்டாவது படித்தவள், பதில் போடுகிறேன்.

இந்த வருசம்தான் கடைசி என்று எழுதியிருக்கிறீர்கள். கறுப்பன் என்று ஒருத்தன் வந்தானே, அப்போதும் இதையே சொன்னீர்கள். பிறகு ஒரு வெள்ளைக்கால். பிறகு ஒரு ராணி. வருசத்துக்கு ஒரு குட்டி தேறிக்கொண்டே இருக்கிறது மாமா. நம்ம வூடு மட்டும் தேறவில்லை. நம் மகள் ஜெயசுதா கழுத்தில் தாலி ஏறின கையோடு நீங்கள் பஸ் ஏறினீர்கள். கலசபாக்கத்து சம்பந்தி என்னிடம், "இன்னா, மாப்ள ஊட்டுக்காரங்க நாங்களா, அவரா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

கொள்ளு என்றால் வாயைத் திறக்கிறதும் கடிவாளம் என்றால் வாயை மூடுகிறதும் உங்கள் லாயத்துக் குதிரை மட்டும் இல்லை. தீபாவளிக்கு வடையும் பணியாரமும் சாப்பிட வாய் திறந்தது. "இங்கயே இருந்துடறதுதானே" என்று கேட்டேன், வாய் மூடிக்கொண்டது. போகிற அன்றைக்கு வேட்டியைத் துவைத்துப் போட்டீர்களே, அதைப் பிழியக்கூட இல்லை. சாயங்காலம் வரைக்கும் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு அவசரம்.

மாசியில் புளி இறக்க வேண்டும். உலுக்க ஆள் இல்லை. இருக்கிறவனெல்லாம் கேரளாவுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டான். நான் இனிமேல் மரம் ஏற முடியாது. நீங்கள் வந்தால் நல்லது. இதைத்தான் தீபாவளியன்று சொல்ல வந்தேன், சண்டையாகிவிட்டது.

நீலாவதி


பெங்களூர்
14.12.2023

நீலாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். திட்டுத்தான், ஆனாலும் உன் பேச்சைக் கேட்ட மாதிரி இருந்தது. சம்பந்தி கேட்டது எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை.

இப்போது ஒரு சேதி சொல்கிறேன். சிவப்பி பேரை டெர்பிக்குக் கொடுத்துவிட்டார் சார். இருப்பதிலேயே பெரிய பந்தயம் அது. ஒரு குதிரை தன் ஆயுசில் ஒரு முறைதான் அதில் ஓட முடியும், வயசு தாண்டினால் கிடையாது. தை மாசம் குடியரசு தினம் தாண்டி வருகிற ஞாயிறு.

எப்படி ஆனது என்று கேள். சார் சொன்னது, "பாதி வேகம் போதும், இழுத்துப் புடிச்சே கொண்டா." நான் கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, பின்னால் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். அவள் என்னைத் தூக்கிக்கொண்டு போகிறாள். வந்து நின்றால் சார் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னா சிங்காரம், அடிச்சி ஓட்டினியா?"

"இல்ல சார். உசுர குடுத்துப் புடிச்சேன்."

"புடிச்சதுக்கே இந்த டைமா?"

சாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அங்கேயே குதிரை முதலாளிக்குப் போன் போட்டார். "என் ரைடர் சிங்காரம் சொல்றான் சார், புடிச்சி நிறுத்த முடியலயாம், போன மாசத்துக்கு ரெண்டு மடங்கு தேறியிருக்காளாம்" என்றார். என் பேரைச் சொல்லித்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கு நாஷ்டா இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

உண்மையாகவே அவ்வளவு இழுக்கிறாள் நீலா. கார்த்திகை பிறந்தபோது ஓட்டி முடித்து இறங்கினால் தோள் மட்டும் வலிக்கும். இப்போது முழங்கைக்குக் கீழே செத்துப் போகிறது. சேணத்தைக் கழற்றக் கை வருவதில்லை. சேணமும் புதுசு, தோல் மரத்துண்டு மாதிரி இருக்கிறது, வாரைப் பக்கிளுக்குள் நுழைக்க முடியவில்லை. பக்கத்து ரூம் ராஜேஷ்தான் மாட்டித் தருகிறான். ஆம்பூர்க்காரன், அவனும் குதிரை ஏறுகிறவன்தான். இப்போது வருகிற பொருள் எதுவும் ஒழுங்காக இல்லை. தண்ணீர் பாட்டில் மூடியைக்கூட யார் எதற்காக இப்படி இறுக்குகிறான் என்று தெரியவில்லை. பல்லால் திறக்கிறேன்.

டெர்பி முடிந்ததும் புளிக்கு வந்துவிடுவேன். சத்தியம்.

சிங்காரம்


புதூர்நாடு மலை
23.12.2023

மாமாவுக்கு,

உங்கள் சேதி சந்தோஷம். இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

உங்களை ஒன்று கேட்க வேண்டும். சிவப்பியை வேறு யாராவது ஏறிப் பார்த்தார்களா? அந்த ராஜேஷ் ஏறியிருக்கிறானா? அவன் கைக்கும் அப்படித்தான் இழுக்கிறாளா?

குதிரை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சும்மா கேட்கிறேன்.

நம் ஊர் சேதி என்று பெரிதாக இல்லை. சாமை முடிந்தது. உங்கள் பெரியப்பா மகன் மாதையன் அண்ணன் வந்திருந்தார், புளி மரம் குத்தகைக்குக் கேட்டு. ஆள் வைத்து உலுக்குகிறாராம், அவர் ஏறுவதில்லை. முன்பெல்லாம் உச்சாணிக் கொம்பு வரை போகிறவர் ஆயிற்றே. நாலைந்து வருசம் முன்னால் ஒரு மாசியில் பாதி மரத்திலிருந்து இறங்கி வந்து, "இன்னாம்மா, மரம் இந்த வருசம் ஒரேடியா வளந்துடுச்சி, கெளை எட்ட மாட்டேங்குது" என்றார். அடுத்த வருசமும் மரம் வளர்ந்துவிட்டது என்றார். நாங்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்றோம். நூறு வருசத்து மரம் மாமா அது.

இதை ஏன் எழுதினேன் என்று நீங்கள் யோசிக்க வேண்டும். யோசித்துவிட்டு எழுதுங்கள்.

நீலாவதி


பெங்களூர்
30.12.2023

நீலாவுக்கு,

மாதையனுக்கு மரத்தைக் கொடுக்காதே. பாதிப் பழத்தை அவன் வீட்டுக் கூடையில் போட்டுக்கொண்டு போவான்.

ராஜேஷ் எதற்கு ஏற வேண்டும்? பெரிய பந்தயத்துக்குப் போகிற குட்டியை ஆள் மாற்றி ஆள் ஏறினால் அதன் வாய் கெட்டுப் போகும். ஒரே கையில் இருக்க வேண்டும். சார் அதில் கண்டிப்பு. அவள் எனக்குத்தான் அடங்குவாள். அடங்குவாள் என்றுகூடச் சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை அவள் பண்ணியதைக் கேள். நிறுத்த வேண்டிய இடம் வந்துவிட்டது, நான் பிடிக்கிறேன், அவள் பாட்டுக்குப் போகிறாள். இன்னொரு முழுச் சுற்று சுற்றி, அவளாக மூச்சு வாங்கி நின்றாள். எதிரே இரண்டு குதிரை வந்தது, ஒதுங்கிவிட்டார்கள். இல்லாவிட்டால் பேஜாராகியிருக்கும். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இறங்கி டீ கிளாஸை வாங்கினேன், நழுவிப் போய் உடைந்தது. டீக்கடைக்காரன் இப்போது எனக்கு மட்டும் காகிதக் கப்பில் தருகிறான்.

சார் சொல்கிறார், இந்த வேகத்தில் தேறுகிற குட்டியை அவர் பார்த்ததே இல்லையாம். மற்ற லாயத்து ஆட்கள் வந்து வேலியோரம் நின்று பார்க்கிறார்கள். இத்தனை வருசத்தில் இவ்வளவு பேர் என் பேரைக் கேட்டதில்லை.

நீ பயப்படாதே. பயந்து என்ன எழுதுகிறாய் என்றே எனக்குப் புரியவில்லை.

சிங்காரம்


புதூர்நாடு மலை
6.1.2024

மாமா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. சுற்றி வளைத்து எழுதினால் உங்களுக்குப் புரியாது என்று தெரிந்துவிட்டது. நேராக எழுதுகிறேன். கோபப்பட்டாலும் கடைசி வரை படியுங்கள்.

சிவப்பி தேறவில்லை. தேறியிருந்தாலும் எல்லாக் குட்டியும் தேறுகிற அளவுக்குத்தான் தேறியிருப்பாள். உங்கள் கை குறைந்துகொண்டு வருகிறது.

கிளம்பின அன்றைக்கு வேட்டியைப் பிழியவில்லை என்று சண்டைக்கு எழுதினேன். நீங்கள் அவசரத்தில் விட்டீர்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பிறகு நீங்கள் பாட்டில் மூடி என்று எழுதினீர்கள். பக்கிள் என்று எழுதினீர்கள். டீ கிளாஸ் உடைந்தது என்று எழுதினீர்கள். உலகத்தில் எல்லாப் பொருளும் ஒரே மாசத்தில் இறுகிப் போகுமா மாமா? உங்கள் எழுத்தைப் பாருங்கள். முதல் கடிதத்தில் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இப்போது எறும்பு போன மாதிரி போகிறது.

நீங்கள் பிடித்தும் அவள் வேகமாக வந்தாள் என்கிறீர்கள். நீங்கள் பிடித்ததாக நினைத்தீர்கள். பிடி இல்லாததால் அவள் தன் இஷ்டத்துக்கு வந்தாள். அதனால் கடிகாரமும் உங்கள் பக்கம் சாட்சி சொன்னது. கையும் கடிகாரமும் ஒன்றாகச் சொன்னால் ஜீவானந்தம் சார் நம்பாமல் என்ன செய்வார்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். நீங்கள் ஆடத் தெரிந்தவர். அதனால்தான் கால் தடுக்கியபோது உங்களுக்குக் கூடத்தின் மேல் சந்தேகம் வந்தது.

பந்தயத்தில் அவள் தோற்றால் தோற்கட்டும், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை எதிரே வந்த குதிரைகள் ஒதுங்கின. நாளைக்கு ஒதுங்காவிட்டால்? எனக்கு அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நீங்கள் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதை எழுத எனக்கு ஏன் இத்தனை நாள் ஆனது என்றால், நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இவள் என்னை வீட்டுக்கு வரவழைக்கக் கதை கட்டுகிறாள் என்பீர்கள். இத்தனை வருசமும் வா வா என்று கத்திய வாயிலிருந்து இது வந்தால் நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் நம்ப மாட்டேன்.

அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வர வேண்டாம். புளியை மாதையன் அண்ணனுக்கே விட்டுவிடுகிறேன். இனிமேல் வாருங்கள் என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்தோ பேனாவிலிருந்தோ வராது. நம் குலசாமி மேல் ஆணை. அங்கேயே இருங்கள், வேறு வேலை பாருங்கள், வருசத்துக்கு ஒரு தடவை வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். ஆனால் ராஜேஷை ஒரு நாள், ஒரே ஒரு நாள், சிவப்பி மேல் ஏறச் சொல்லிப் பாருங்கள். அவன் கைக்கும் அவள் அப்படியே இழுத்தால் நான் எழுதியது எல்லாம் பொய், என்னை என்ன வேண்டுமானாலும் பேசுங்கள்.

நீலாவதி


பெங்களூர்
11.1.2024

நீலாவதிக்கு,

குதிரையின் முதுகு சூடா குளிரா என்று தொட்டுப் பார்க்காதவள் எனக்குக் குதிரை சொல்லித் தருகிறாய். வேட்டித் துணியை வைத்து என் கையை அளக்கிறாய். குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். குதிரை என்னை ஒன்றும் செய்யவில்லை. குழி பறிப்பது நீ.

என் கையை நம்பி ஒரு டிரெய்னர் டெர்பிக்குப் பேர் கொடுத்திருக்கிறார். கட்டினவளுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

மரத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. பொங்கலுக்கு நான் வரவில்லை.

சிங்காரம்


புதூர்நாடு மலை
17.1.2024

மாமாவுக்கு,

பொங்கல் வைத்தேன். மாட்டுக்குக் கொம்பு தீட்டினேன். ஜெயசுதாவும் மாப்பிள்ளையும் வந்து போனார்கள், நீங்கள் வேலையில் இருப்பதாகச் சொன்னேன்.

பாறை மேட்டுக்கு ஏறி இரண்டு நாள் போன் அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை. நான் எடுக்காதபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. உடம்பில் அடி இல்லாமல் இருக்கிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

நீலாவதி


பெங்களூர்
24.1.2024

நீலா,

அடி இல்லை.

இதை மூன்று நாளாக எழுதுகிறேன். நாலு வரி எழுதினால் பேனா நழுவுகிறது. நீ சொன்னது நிஜம் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உன்னிடம்தானே சொல்ல முடியும்.

பொங்கலன்று போன் அடித்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் அழுதுவிடுவேன் என்று எடுக்கவில்லை. உன் மேல் கோபம் அப்போதே போய்விட்டது. நீ எழுதியதைப் படித்த அன்றைக்கே என் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே சதை திரண்டு இருக்குமே, அங்கே பள்ளமாக இருந்தது. பார்த்துவிட்டுத்தான் உனக்கு அந்தக் கடிதம் எழுதினேன். பார்த்ததால்தான் அப்படி எழுதினேன்.

போன வெள்ளிக்கிழமை சாரிடம், "இன்னிக்கி ராஜேஷ் ஏறட்டும் சார், நான் பக்கத்துல நின்னு அவ கால பாக்கணும்" என்று ஒரு பொய் சொன்னேன். சாருக்கு மனசில்லை, ஆனால் நான் கேட்டதால் சரி என்றார். அதே பேச்சு, பாதி வேகம், இழுத்துப் பிடித்துக் கொண்டு வா. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாமி, அவள் அவனையும் இழுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் நீலா. அவன் விழுந்தாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அவ்வளவு கெட்ட மனசு வந்தது.

வளைவு திரும்பி வருகிறான். நேராக உட்கார்ந்திருக்கிறான். ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறான். ஒரு கையால். சிவப்பி ஆட்டுக்குட்டி மாதிரி வந்து நின்றாள்.

"சாதுண்ணே" என்றான். "சொன்ன பேச்சு கேக்குது. இத்தப் போயி இன்னாண்ணே மொரடுன்னு சொன்னீங்க?"

சார் கடிகாரத்தைப் பார்த்தார். பாதி வேகம் என்றால் பாதி வேகம்தான் இருந்தது. அவர் முகம் வெளுத்துப் போனது. "குதிரைக்கு இன்னாமோ ஆயிடுச்சி, டாக்டர கூப்புடு, ரத்தம் எடுக்கணும்" என்று சத்தம் போட்டார். நான் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். குதிரைக்குக் காய்ச்சல், சூட்டில் இறங்கிவிட்டது என்று ஏதாவது சொல்லி முடித்திருப்பார்கள். என் பேர் நின்றிருக்கும். அடுத்த வருசக் குட்டியையும் என்னிடமே கொடுத்திருப்பார்கள். ஆனால் பழி அந்த வாயில்லாத ஜீவன் மேல் போகும். அவள் என்ன பண்ணினாள்? நான் விட்ட அளவுக்கு ஓடினாள்.

"குதிரைக்கு ஒண்ணும் இல்ல சார். எனக்குத்தான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் தன் கையை நீட்டி, "புடி" என்றார். என் முழு பலத்தோடும் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "உம், புடி" என்று மறுபடியும் சொன்னார். நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் நீலா.

சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எத்தினி நாளா?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றேன். சிவப்பியை டெர்பியிலிருந்து எடுத்துவிட்டார். முதலாளி அவரைப் போனில் என்னவெல்லாமோ பேசினார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு சாரே கூட்டிப்போனார். கழுத்தில் எலும்பு தேய்ந்து, கைக்குப் போகிற நரம்பை அழுத்துகிறதாம். எத்தனை தடவை குதிரையிலிருந்து விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். யார் எண்ணி வைத்தார்கள்? ஆபரேஷன் பண்ணினால் இன்னும் மோசமாகாமல் நிற்குமாம். போனது வருமா என்று சொல்ல முடியாதாம்.

சார் லாயத்தில் தரை வேலை தருகிறேன் என்கிறார். தீனி பார்க்கிறது, மற்றவர்கள் ஏறுவதைப் பார்க்கிறது. நல்ல மனுசன். ஆனால் கீழே நின்று என்னால் பார்க்க முடியுமா என்று தெரியவில்லை. நீயோ வர வேண்டாம் என்று எழுதிவிட்டாய், அதுவும் குலசாமி மேல் ஆணை வைத்து. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ சொல்.

சிங்காரம்


புதூர்நாடு மலை
31.1.2024

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் களத்திலேயே குந்தி அழுதேன். மாதையன் அண்ணன் பெண்டாட்டி பார்த்துவிட்டு, "இன்னாடி, யாராவது பூட்டாங்களா?" என்றாள். இல்லை, எல்லாரும் இருக்கிறார்கள் என்று சொன்னேன்.

நான் சொன்னது நிஜமானதில் எனக்கு ஒரு துளி சந்தோஷம் இல்லை. ராஜேஷ் ஏறினானே, அன்றைக்கு அவள் அவனை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கக் கூடாதா என்று நானும்தான் நினைக்கிறேன். நீங்கள் என்னை வாய்க்கு வந்தபடி திட்டி ஒரு கடிதம் எழுதியிருப்பீர்கள். நான் வாங்கிக்கொண்டு இருந்திருப்பேன்.

சாரிடம் உண்மையைச் சொன்னீர்களே, அது போதும் எனக்கு. உங்கள் பேர் போகவில்லை. பேரைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருந்தால் அன்றைக்குத்தான் போயிருக்கும்.

என்னைச் சொல்லச் சொல்கிறீர்கள். நான் எப்படிச் சொல்வேன்? வாருங்கள் என்று எழுத மாட்டேன் என்று ஆணையிட்டது நீங்கள் என்னை நம்ப வேண்டும் என்பதற்காக. இப்போது அடித்துவிட்டு மாற்றி எழுதினால் அன்றைக்கு எழுதியதும் உங்களை வளைக்கத்தான் என்று ஆகிவிடும். எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருக்கிறது. தரை வேலை பார்ப்பதானாலும் குறை இல்லை, அது உங்கள் முடிவு. ஆபரேஷன் அங்கே பண்ணினால் நான் வந்து கூட இருக்கிறேன். வேலூரில் பண்ணினாலும் இருக்கிறேன். மாட்டை மாதையன் அண்ணன் வீட்டில் கட்டிவிடுவேன்.

ஊர் சேதி ஒன்று. திருப்பத்தூரிலிருந்து வருகிற ஜீப் இப்போது வியாழக்கிழமைகளில் நம் ஊர் வரைக்கும் வருகிறது. மற்ற நாளில் புதூர்நாட்டோடு நின்றுவிடும், அதற்கு மேல் நடைதான். மத்தியானம் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிற்கும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஒன்றும் இல்லை.

நீலாவதி


பெங்களூர்
10.2.2024

நீலாவுக்கு,

இதை நான் சொல்லச் சொல்ல ராஜேஷ் எழுதுகிறான். இந்த வாரம் எனக்குப் பேனா நிற்கவில்லை. கையெழுத்து நன்றாக இருக்கிறதே என்று பார்த்து ஏமாந்துவிடாதே.

சிவப்பி போன வாரம் சின்னப் பந்தயம் ஒன்றில் ஓடினாள். நாலாவதாக வந்தாள். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். நல்ல குட்டிதான், கடைசி வரைக்கும் முயற்சி பண்ணினாள். அவளுக்கு இருப்பது அவ்வளவுதான். நான்தான் அவளுக்கு இல்லாததையெல்லாம் ஏற்றிச் சொன்னேன். ஓடி முடித்து வந்ததும் என் தோளில் மூக்கை வைத்தாள். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை.

சாரிடம் தரை வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆபரேஷனுக்கு வேலூரில் எழுதித் தந்திருக்கிறார்கள், பங்குனியில்.

உனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ராஜேஷ் பேனாவை வைத்துக்கொண்டு "சொல்லுண்ணே, சொல்லுண்ணே" என்கிறான். இவனிடம் சொல்லி எழுத வைக்கிற பேச்சு இல்லை அது. போனில் வரவும் வராது. நேரில் சொல்கிறேன். வராவிட்டால் நீ கேள், கேட்டால் சொல்லிவிடுவேன்.

வருகிற வியாழக்கிழமை ஜீப்பில் வருகிறேன். முன் சீட்டு கிடைக்காது, பின்னால் கம்பியைப் பிடித்துத்தான் இறங்க வேண்டியிருக்கும். என் கை அதற்குப் போதாது. டிரைவரைக் கேட்க எனக்கு மனசு வராது. நீ வந்து ஜீப் நிற்கிற இடத்தில் நில். என்னைப் பிடித்து இறக்கு.

சிங்காரம்